கொழிஞ்சாம்பாறைக் காற்றில் பிடுங்கிய ஆனிங்: ஒரு கேரவனின் நிகழ்வு ஆய்வு

ஆனிங் என்பது கேரவனின் பக்கத்தில் நிழலுக்காக வெளியே நீளும் துணிப்பந்தல். அதைத் தாங்கும் இரண்டு கைகளில் பின்பக்கக் கையின் கீழ்ப் பிராக்கெட், வண்டியின் பக்கத் தகட்டிலிருந்து நாலு ரிவெட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்து தொங்கியது. துணி, சுவரில் அதைப் பிடித்திருக்கும் அலுமினிய ரயிலை ஒட்டிப் பின்மூலையிலிருந்து 60 செ.மீ. கிழிந்திருந்தது. ரோலர் குழாய் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வளைந்திருந்தது. மோட்டார் மட்டும் ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. ஃபியூஸ்கூடப் போகவில்லை.

சேதம் இந்த வரிசையில் இருப்பதுதான் இந்த நிகழ்வை எழுதிவைக்கக் காரணம். வெறும் காற்று அடித்துக் கெட்ட ஆனிங்கில் பெரும்பாலும் முதலில் துணிதான் போகும், அல்லது கைகள் முறுக்கிக்கொள்ளும். பிராக்கெட் சுவரைவிட்டு வெளியே வந்தால், அதை வெளிப்பக்கமாக ஏதோ இழுத்திருக்க வேண்டும். இங்கே இழுத்தது ஒரு நைலான் கயிறு. ஆனிங்கைக் காப்பாற்றத்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

வண்டியும் இடமும்

வேன் சேசிஸில் கட்டிய கேரவன். நீளம் 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கூரை உயரம் 2.8 மீட்டர். ஆனிங் இடப்பக்கம், கதவுக்கு மேலே. கைக்குக் கை 3.5 மீட்டர், முழுக்கத் திறந்தால் 2.5 மீட்டர் வெளியே வரும். துணி, வினைல் பூசிய பாலியெஸ்டர். கைகளைக் கழித்தால் காற்றுக்குக் கிடைக்கும் துணிப்பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். 12 வோல்ட் மோட்டார் ரோலர் குழாயின் முன்பக்க முனைக்குள் இருக்கிறது. அசைவை உணர்ந்து தானாக மூடும் சென்சாரும் உண்டு.

நிறுத்திய இடம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. மாதம் ஜூலை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ எல்லை தாண்டி வருபவர்களுக்கு இந்த ஊர்கள் புதிதல்ல. கடைப் பேச்சும் தோட்டத்துப் பேச்சும் பாதிக்கு மேல் தமிழ்தான்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறத்தாழ 30 கிமீ அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி இந்த இடைவெளிக்குள் நெருக்கிப் பாய்கிறது. கணவாயின் கிழக்கு வாயில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மழை மறைவுப் பகுதி. மேற்கே பாலக்காட்டில் கொட்டும் மழை இங்கே வருவதற்குள் பாதியாகிவிடும், காற்று குறையாது. வானம் வெளுத்திருக்க, வெயில் அடிக்க, காற்று மட்டும் வீசும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இதில்தான். காற்றோடு கருமேகமும் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு ஏமாற்று, காற்றாலை. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலை சுற்றுவதைப் பார்த்து "இன்னைக்குக் காத்து இருக்கு" என்று சொல்லலாம், அவ்வளவுதான். காற்றாலை மணிக்கு 11 கிமீ வேகத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். 43 கிமீ சுமாருக்கு முழு மின்சாரம் தரும். இரண்டுக்கும் நடுவில், தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்குச் சுற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனிங்கைப் பொறுத்தவரை அந்த 11-க்கும் 43-க்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த ஆனிங் எப்படி நிற்கிறது

இது புரியாமல் மற்றது புரியாது. துணியின் உள்விளிம்பு, வண்டிச் சுவரில் திருகிய அலுமினிய ரயிலுக்குள் கயிறு தைத்த விளிம்போடு செருகப்பட்டிருக்கிறது. வெளிவிளிம்பு ரோலர் குழாயில். குழாயை இரண்டு முனையிலும் இரண்டு கைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு கேஸ் ஷாக், காரின் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அதே வகை.

திறக்கிற பட்டனை அழுத்தினால் மோட்டார் துணியைத் தள்ளுவதில்லை. குழாயைச் சுற்றித் துணியை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. குழாயை வெளியே தள்ளுவது கேஸ் ஷாக். மூடும்போதுதான் மோட்டார் உழைக்கிறது. இரண்டு ஷாக்கின் அழுத்தத்தையும் எதிர்த்துத் துணியைச் சுருட்டி இழுக்கிறது.

ஆக, திறந்து நிற்கும் ஆனிங்கில் எந்தப் பூட்டும் இல்லை. துணி உள்ளே இழுக்கிறது, ஷாக் வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால் விறைப்பாக நிற்கிறது. காற்று அடியிலிருந்து துணியைத் தூக்கினால் குழாய் மேலேறும், ஷாக் அமுங்கும், துணி தொளதொளக்கும். காற்று ஒரு நொடி ஓய்ந்ததும் ஷாக் மறுபடி தள்ளும், துணி "டப்" என்று விறைக்கும். அந்த "டப்" ஒவ்வொன்றும் சுத்தியலடி. கிழிப்பதும் தேய்ப்பதும் அதுதான்.

சாதாரண நிலையில் ஷாக் குழாயை வெளியே தள்ளுவதால், அதன் எதிர்விசை கையின் அடிப் பிராக்கெட்டைச் சுவரோடு *அழுத்துகிறது*. பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுக்கு அப்போது பெரிய வேலை இல்லை. வண்டி கட்டியவர்கள் உள்பக்கம் தகடு வைக்காமல் நாலு அலுமினிய ரிவெட் மட்டும் அடித்து விட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கும். அழுத்தும் பளுவுக்கு அது போதும். இழுக்கும் பளுவுக்குப் போதாது.

நடந்தது, மணிவாரியாக

காலை 11.40. வண்டி வடக்குப் பார்த்து நிற்கிறது. வடக்குப் பார்த்த வண்டிக்கு இடப்பக்கம் மேற்கு. ஆனிங் நேராகக் காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. தோப்பு வாசல் அந்தப் பக்கம் என்பதால் அப்படி நிறுத்தியிருந்தார்கள்.

12.30. துணி லேசாக அடிக்கத் தொடங்குகிறது. தோட்டத்துக்காரர் வந்து பார்க்கிறார்.

"ஏனுங் தம்பி, அந்தத் துணியைச் சுருட்டிப் போடுங்க. மத்தியானத்துக்கு மேல காத்து நிக்காதுங்க."

"கயித்துல கட்டீறனுங்ண்ணா. ஒண்ணும் ஆவாதுங்க."

8 மிமீ நைலான் கயிறு. ஒரு முனை ரோலர் குழாயின் பின்பக்க முனையில், கை முடியும் முட்டியில். மறு முனை 4 மீட்டர் மேற்கே ஒரு தென்னை மரத்தடியில். ஒரு சாண் தொய்வு விட்டுக் கட்டினார் ஓட்டுநர். முன்பக்கத்துக்கு மரம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு இரும்பு ஆணியைக் கரிசல் மண்ணில் அடித்துக் கட்டியது அரை மணி நேரத்தில் பிடுங்கிவிட்டது. வெயிலில் வெடித்த கரிசலில் ஆணி பல்லுப்போனமாதிரி ஆடும். ஆக, ஒரு பக்கம் மட்டும் கட்டிய ஆனிங்.

1.50. வாழை இலை கிழிகிறது, தென்னை ஓலை எல்லாம் ஒரே பக்கம் கிழக்கே சாய்ந்து நிற்கிறது, தோப்புப் பாதையில் மண் எழும்புகிறது. விட்டு விட்டு வரும் வீச்சில் முழு மரமே அசைகிறது. மரத்தை வைத்து மதிப்பிட்டால் வீச்சு 50 கிமீ சுமார்.

2.10. சென்சார் வேலை செய்கிறது. மோட்டார் சுருட்டத் தொடங்குகிறது. ஒரு சாண் அளவு உள்ளே வந்ததும் பின்பக்கக் கயிறு விறைக்கிறது. பின்முனை நின்றுவிடுகிறது. முன்முனை இன்னும் கொஞ்சம் வருகிறது, குழாய் கோணலாகிறது, மோட்டார் "ம்ம்ம்" என்று முனகி நிற்கிறது.

ஓட்டுநர் மூடும் பட்டனை ஐந்தாறு தடவை அழுத்துகிறார். மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. இப்போது பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. ஃபியூஸ் போய்விட்டதென்று நினைத்து ஃபியூஸ் பெட்டியைத் தேடுகிறார். 15 ஆம்ப் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பத்து நிமிடம் அதில் போகிறது. கயிற்றை யாரும் தொடவில்லை. அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும்.

2.25. பெரிய வீச்சு ஒன்று. பின்பக்கக் கீழ்ப் பிராக்கெட் பிடுங்குகிறது. கை இழந்த பின்மூலையில் மொத்தப் பளுவும் துணிமேல் விழ, ரயிலோரம் கிழிகிறது. அரிவாளால் கயிற்றை வெட்டி, நாலு பேர் குழாயைத் தூக்கிச் சுவரோடு அணைத்துக் கட்டி முடிக்க இன்னும் அரை மணி நேரம்.

கயிறு செய்த வேலை

காற்று துணியில் கொடுக்கும் அழுத்தத்தைக் கணக்கிடுவது எளிது. வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு நியூட்டன் வரும். 36 கிமீ என்பது நொடிக்கு 10 மீட்டர், 61 நியூட்டன். 8 சதுர மீட்டர் துணிக்கு 490, அதாவது 50 கிலோ எடை. 50 கிமீயில் அதே துணிக்கு 96 கிலோ. 72 கிமீயில் 200 கிலோ. வேகம் இரட்டித்தால் பளு நாலு மடங்கு.

96 கிலோவைத் துணி ரயிலும் இரண்டு கைகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு கைக்கு வருவது 25 கிலோ சுமார். நாலு ரிவெட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் ஏன் பிடுங்கியது?

கயிறு மேற்கே, வெளிப்பக்கமாக இழுத்தது. பிராக்கெட்டைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்த விசை, வெளியே பிடுங்கும் விசையாக மாறியது. அதோடு கயிற்றில் விட்ட தொய்வு. காற்று தூக்கும்போது குழாய் ஒரு சாண் தூரம் தடையில்லாமல் ஓடி, கயிறு விறைக்கும் இடத்தில் ஒரே வெட்டாக நிற்கிறது. 25 கிலோ மெதுவாக ஏறுவதும், ஓடிவந்து வெட்டி நிற்பதும் ஒன்றல்ல. மூன்றாவது, மோட்டாரும் சேர்ந்துகொண்டது. உள்ளே இழுக்கும் மோட்டாருக்கும் வெளியே இழுக்கும் கயிற்றுக்கும் நடுவில் குழாய் மாட்டிக்கொண்டது. குழாய் நடுவில் வளைந்தது இதனால்தான்.

பிடுங்கிய ரிவெட்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தால் கதை தெரியும். மேலிரண்டின் தண்டு நீண்டு, நடுவில் இடுப்புச் சிறுத்திருந்தது. இழுபட்டு அறுந்ததன் அடையாளம். கீழிரண்டு அறுந்துபோகவே இல்லை. பின்பக்கம் மலர்ந்திருக்க வேண்டிய தலை, 1 மிமீ தகட்டின் ஓட்டையை அகலப்படுத்திக்கொண்டு அப்படியே வெளியே வந்திருக்கிறது. ஓட்டையின் விளிம்பு பூரி மாதிரி வெளிப்பக்கம் உப்பியிருந்தது. வெட்டுப்பட்டு அறுந்த ரிவெட் என்றால் தண்டு குறுக்கே பளபளவென்று சமமாக இருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை.

சென்சார் ஏன் காப்பாற்றவில்லை

சென்சார் தன் வேலையைச் செய்தது. தாமதமாகச் செய்தது, கட்டிப்போட்ட ஆனிங்கில் செய்தது.

இந்த வகைச் சென்சார் காற்றை அளப்பதில்லை, குலுக்கலை அளக்கிறது. அதனால் இரண்டு குறை. விட்டு விட்டு அடிக்கும் காற்றில் குலுக்கல் அதிகம், சீக்கிரம் உணரும். ஒரே சீராக அடியிலிருந்து தூக்கிப் பிடிக்கும் காற்றில் துணி பலூன்போல நிற்கும், குலுக்கலே இருக்காது. சென்சார் சும்மா இருக்கும். கணவாய்க் காற்று முற்பகலில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மதியத்துக்கு மேல்தான் வீச்சு எடுக்கிறது. இரண்டாவது குறை, யாராவது குழாயில் இடித்தாலும் மூடிக்கொள்ளும். இந்த வண்டியில் அந்தத் தொல்லைக்காக உணர்திறனை ஆகக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். 12.30-க்கே மூடியிருக்க வேண்டியது 2.10-க்கு மூடப்பார்த்தது.

கயிறு கட்டினால் சென்சாரை அணைக்க வேண்டும். சென்சாரை நம்பினால் கயிறு கட்டக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. ஆனால் சென்சாரை அணைத்துக் கயிறு கட்டுவதும் பரிந்துரை அல்ல. தரையில் ஊன்றும் கால் உள்ள பழைய வகை ஆனிங்கில் இரண்டு மூலையிலும் பெல்ட் போட்டு நேர் கீழே கட்டலாம். பக்கக் கை வகையில் கீழே இழுத்தாலும் வெளியே இழுத்தாலும் அந்தப் பளு பிராக்கெட்டுக்குத்தான் போகும். கயிறு கட்டித்தான் நிற்கும் என்ற அளவுக்குக் காற்று இருந்தால் மூட வேண்டிய நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

வயர்

மோட்டார் முனகி நின்றதற்குக் கயிறு மட்டும் காரணமல்ல. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 8 மீட்டர் தூரம். போட்டிருந்தது 1.5 சதுர மிமீ செம்பு வயர். போக வர 16 மீட்டர், தடை 0.19 ஓம். மூடும்போது மோட்டார் 9.5 ஆம்ப் இழுக்கையில் வயரிலேயே 1.8 வோல்ட் தின்றுபோகிறது. சோதனையில், ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்க, பேட்டரி முனையில் 11.7 வோல்ட், மோட்டார் பிளக்கில் 9.9. அந்த வோல்ட்டில் காற்றில்லாத நாளில் மெதுவாக மூடும். பளு ஏறினால் நின்று சூடாகும்.

பலரும் செய்யும் தப்பு, மோட்டார் திணறுகிறது என்று ஃபியூஸை 15-இலிருந்து 30 ஆக்குவது. ஃபியூஸ் மோட்டாருக்குப் பலம் தராது. வயர் எரியும் வாய்ப்பைத்தான் தரும். வயரை 6 சதுர மிமீ ஆக்கினால் அதே 9.5 ஆம்புக்கு இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்துவிடும்.

2.10-க்கு என்ன செய்திருக்க வேண்டும்

முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும், முடியாவிட்டால் அறுக்க வேண்டும். பட்டனிலிருந்து கையை எடுக்க வேண்டும். பட்டனை அழுத்த அழுத்தச் சூடு கூடும், வெப்பப் பாதுகாப்பு மீண்டும் சேர்வது தள்ளிப்போகும். விட்டுவிட்டால் 15 நிமிடம் போல ஆகும். அதற்குள் வண்டி என்ஜினை ஓட்டலாம், ஆல்ட்டர்னேட்டர் வோல்ட்டைத் தூக்கும். சில வண்டிகளில் என்ஜின் ஓடினால் ஆனிங் சுவிட்ச் வேலை செய்யாதபடி ரிலே இருக்கும். அங்கே ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் அணைப்பதே வழி.

இந்த இடைவெளியில் இரண்டு பேர் இரண்டு முனையிலும் குழாயைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்கும் சுவருக்கும் நடுவில் தலையையோ விரலையோ கொடுக்கக் கூடாது, கத்தரிக்கோல் மாதிரி மூடும்.

மூடும்போது ஒரே மூச்சில் அழுத்திப் பிடிக்க வேண்டாம். வீச்சு வரும்போது துணி மேலே உப்பியிருக்கும், அப்போது சுருட்டினால் மடிப்பு விழுந்து ஒரு பக்கம் தடித்துச் சுருளும். வீச்சு ஓயும் இரண்டு மூன்று நொடிக்குச் சுருட்டு, வரும்போது விடு. கோணலாகிவிட்டால் ஒரு முழம் திறந்து, நேராக்கி, மறுபடி சுருட்டு.

மோட்டார் அடியோடு வேலை செய்யாவிட்டால், சில மாடல்களில் மோட்டார் முனையில் ரப்பர் மூடிக்குப் பின்னால் அறுகோணத் தண்டு இருக்கும். சரியான சாக்கெட் போட்டு டிரில்லை மெதுவேகத்தில் வைத்துச் சுருட்டலாம். அது இல்லாத மாடலில், மோட்டாரின் இரண்டு வயரைப் பிளக்கில் பிரித்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, வேறொரு 12 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுக்கலாம். திறக்கிற பக்கம் சுற்றினால் வயரை மாற்றிப் பிடித்தால் போதும். உங்கள் ஆனிங் எந்த வகை என்பதைக் காற்றில்லாத நாளில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஏணிமேல் நின்று கண்ணில் மண் விழும்போது தேடக் கூடாது.

பழுது பார்த்தது

கேஸ் ஷாக் இருக்கும் கையில் வேலை செய்யும்போது ஒரு அபாயம். மூடிய நிலையில் ஷாக் முழுக்க அமுங்கியிருக்கும். அதைத் தடுத்துக்கொண்டிருப்பது துணி மட்டும். கையைக் கட்டாமல் துணியை அவிழ்த்தாலோ மோட்டாரைக் கழற்றினாலோ கை தெறித்துத் திறக்கும். தாடையில் பட்டால் தாடை உடையும். ஆகவே முதல் வேலை ஃபியூஸைப் பிடுங்குவது. இரண்டாவது, ஒவ்வொரு கையையும் இரண்டு இடத்தில் 25 மிமீ பெல்ட்டால் சுற்றிக் கட்டுவது. அதன் பிறகுதான் ஸ்பானர்.

பிராக்கெட்டுக்கு உள்பக்கப் பிளைவுட்டைக் கழற்றி, தகட்டுக்குப் பின்னால் 4 மிமீ அலுமினியப் பட்டை, 50 மிமீ அகலம் 250 மிமீ நீளம். ரிவெட்டுக்குப் பதில் 8 மிமீ ஸ்டெயின்லெஸ் போல்ட் நாலு, பின்னால் நைலான் நட்டு. ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் நேராக உரசினால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர், சுற்றிலும் சீலன்ட். முன்பக்கப் பிராக்கெட் கெடவில்லை, இருந்தும் அதையும் இதேபோல மாற்றியாயிற்று.

துணிக்கு ஒட்டுப் போடவில்லை. நடுத்துணியில் ஒரு சாணுக்குள் கிழிந்தால் இரண்டு பக்கமும் வினைல் டேப் ஒட்டிச் சில மாதம் ஓட்டலாம். ரயிலோரக் கிழிசல் வேறு. முழுப் பளுவும் அந்த விளிம்பு வழியாகத்தான் சுவருக்குப் போகிறது. புதுத் துணி போட்டது, குழாயும் புதிது. ரயிலுக்குள் துணியைச் செருகுமுன் ரயிலின் வாயை மெல்லிய அரத்தால் தடவி, பிசிறு எடுத்து, சிலிகான் ஸ்பிரே அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் புதுத்துணியின் கயிற்று விளிம்பு அன்றைக்கே பிய்யும்.

இனி நிறுத்துவது எப்படி

ஆடியில் இந்தப் பக்கம் வந்தால் வண்டியைத் தெற்குப் பார்த்து நிறுத்துங்கள். இடப்பக்கம் கிழக்கே போகும். 2.8 மீட்டர் உயர வண்டியே காற்றுக்குச் சுவர். கூரையைத் தாண்டி வரும் சுழல் கொஞ்சம் துணியைத் தூக்கும், அடியில் புகுந்து நேராகத் தூக்குவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம். நிழல் போய்விடுமே என்பார்கள். போகாது. காலை வெயிலுக்கு ஆனிங் கிழக்கே இருப்பதே சரி. மதியத்துக்கு மேல், காற்று ஏறும் அதே நேரத்தில், சூரியன் மேற்கே சாய்ந்து வண்டியின் நிழலே கிழக்கே விழும். அப்போது ஆனிங்கே வேண்டாம். மேற்கே திறந்து வைப்பவர்களுக்குத்தான் காற்று உச்சத்தில் இருக்கும்போது ஆனிங் தேவைப்படுகிறது.

மார்கழி, தையில் கணவாயில் காற்று திரும்பி கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது வடக்குப் பார்த்து நிறுத்த வேண்டும்.

அளவு வேண்டுமென்றால் ஒரு கை அனிமோமீட்டர் வாங்கிக்கொள்ளலாம். குழாய் இருக்கும் உயரத்தில், வண்டியை விட்டு நாலடி தள்ளி, மூன்று நிமிடம் பிடித்து, அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், கிழிப்பது வீச்சு. 20 கிமீ தாண்டினால் வண்டியை விட்டு யாரும் போகக் கூடாது. 30 தொட்டால் மூடுவது. தயாரிப்பாளர் கையேட்டில் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கருவி இல்லாவிட்டால்: மண்ணும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. சின்ன மரங்கள் ஆடினால் 29-க்கு மேல். பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாவிட்டால் 39-க்கு மேல். காற்று அந்த அளவுக்கு ஏறும்வரை ஆனிங்கைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது.

தூங்கப் போகும்போதும், கடைக்குப் போகும்போதும் மூடுவது. சென்சார் இருக்கிறதே என்பது காரணமாகாது. உணர்திறன் நடு அளவுக்கு மேல் இருக்கட்டும், யாராவது இடித்து மூடிக்கொண்டால் மறுபடி திறந்துகொள்ளலாம். மாதம் ஒரு தடவை குழாயைக் கையால் குலுக்கிப் பார்த்து, மூடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

மழை மறைவுப் பகுதி என்றாலும் தூறல் வரும். தண்ணீர் வடிய ஆனிங்கின் ஒரு மூலையை 20 செ.மீ. தாழ்த்தி வைத்தால் போதும். சமமாக வைத்தால் நடுவில் குழி விழுந்து, ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே 50 கிலோ. நனைந்து சுருட்டிய துணியை இரண்டு நாளுக்குள் திறந்து காய வைக்கவும்.

ஓடும்போதும் காற்றுக் கணக்கு உண்டு. வாளையாரிலிருந்து பாலக்காடு போகும் நெடுஞ்சாலையில் ஆடிக்காற்று எதிரே வரும். 60 கிமீயில் போகும் வண்டிக்கு 40 கிமீ எதிர்க்காற்று சேர்ந்தால் ஆனிங்கில் மோதுவது 100 கிமீ காற்று. பளு 60-க்கு இருப்பதைப்போல 2.8 மடங்கு. துணி ஒரு விரல் தளர்ந்து சுருண்டிருந்தாலும் அந்த இடுக்கில் காற்று புகுந்து பிரிக்கும். கிளம்புமுன் குழாயைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது.

பழுதுக்குப் பின் சோதனையில் ஐந்து தடவை திறந்து மூடியது. மோட்டார் பிளக்கில் 11.2 வோல்ட், மூட 28 நொடி, ஐந்து தடவையும் நேராகச் சுருண்டது. ஒன்று மட்டும் மிச்சம். முன்பக்கக் கையின் முட்டியில் பின் (இணைக்கும் இரும்பு ஊசி) போகும் ஓட்டை 1 மிமீ நீள்வட்டமாகியிருக்கிறது, அன்று கோணலாகியபோது வந்தது. அதற்கான கை கிடைக்கும்வரை பின்னுக்கும் கைக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோடு விலகினால் ஆனிங்கைத் திறக்கக் கூடாது.